யானைக்கு அது தீவில்லை

மே மாதம் வந்தால் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்துக் குடும்பங்கள் வெயிலுக்குப் பயந்து மலை தேடிப் புறப்படும். ஒரே நாள்தான் என்றால் புளிசாதம் கட்டிக்கொண்டு அமிர்தி. ஷூ கம்பெனியிலும் டேனரியிலும் சேர்ந்தாற்போல் மூன்று நாலு நாள் லீவு கிடைத்தால், நாலைந்து குடும்பமாகச் சேர்ந்து வேன் பேசி, தேனி, கம்பம் தாண்டிக் குமுளி மலையேறி, தேக்கடியில் படகுக்கு வரிசையில் நிற்பார்கள். படகு கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் தண்ணீருக்கு நடுவே பச்சையாக ஒரு திட்டு தெரியும். அதில் யானை மேய்ந்துகொண்டிருந்தால் அன்றைக்கு நல்ல அதிர்ஷ்டம். அப்போது படகில் ஏதாவது ஒரு பிள்ளை கேட்கும்: "அப்பா, சுத்தித் தண்ணியா இருக்கே, யானை அங்க எப்படிப் போச்சு?"

பெரியவர்கள் போட்டோ எடுக்கும் மும்முரத்தில் இருப்பார்கள். ஆனால் ஏரித் தீவுகளை ஆராய்கிறவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவரும் கேள்வி இதுவேதான். தண்ணீரைத் தாண்டி அங்கே போக யாரால் முடியும்? முடியாதவர்கள் என்ன ஆகிறார்கள்?

தேக்கடியில் 1895க்கு முன்னால் ஏரியும் கிடையாது, தீவும் கிடையாது. மலைகளுக்கிடையே புகுந்து மேற்கே போய்க்கொண்டிருந்த பெரியாற்றின் குறுக்கே பொறியாளர் பென்னிகுவிக் சுண்ணாம்பும், செங்கல் பொடியான சுர்க்கியும் கொண்டு அணை கட்டினார். தேங்கிய தண்ணீரைச் சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பி வைகைப் படுகைக்கு அனுப்பினார். குமுளி மலைப்பாதையில் ஏறும்போது சரிவில் இறங்கும் பெரிய இரும்புக் குழாய்கள் கண்ணில் படும். அந்தத் தண்ணீர்தான் அவற்றில் லோயர் கேம்ப் மின்நிலையத்துக்குப் போகிறது. ஆக, தேக்கடி ஏரி என்பது மூழ்கிய பள்ளத்தாக்கு. தீவுகள் என்பவை மூழ்காமல் தப்பிய குன்றுகளின் தலைகள்.

நம் ஊர் ஏரியோடு ஒப்பிட்டால் இதன் வடிவம் சட்டென்று விளங்கும். வேலூர் மாவட்டத்து ஏரி சமதரையில், சற்றே சரிந்த நிலத்தில், மூன்று பக்கம் மண் கரை போட்டுத் தேக்கியது. ஆழம் குறைவு, பரப்பு அதிகம், ஓரம் வழவழவென்று வளைந்துபோகும். தேக்கடி ஏரிக்கோ நூறு கைகள். ஒவ்வொரு ஓடையின் பள்ளத்துக்குள்ளும் தண்ணீர் நுழைந்து நின்றுவிட்டது. பள்ளிக்கூடப் புவியியல் பாடத்தில் சம உயரக் கோடு என்று ஒன்று படித்திருப்போம். ஒரே உயரத்திலுள்ள இடங்களை எல்லாம் இணைத்துப் போகும் கோடு. அதை வரைபடத்தில் வரையத்தான் மனிதர் வேண்டும். தேக்கடியில் தண்ணீரே அந்தக் கோட்டை வரைந்து காட்டுகிறது. கரையோரம் முழுக்க ஒரே உயரம். நீர்மட்டம் ஓர் அடி ஏறினால் கோடு முழுவதும் ஓர் அடி மேலே போகும்.

தீவு பிறப்பது இங்கேதான். இரண்டு குன்றுகள், நடுவில் ஒரு தாழ்வு என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் அந்தத் தாழ்வுக்குக் கீழே நிற்கும்வரை முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் குன்று தீபகற்பம், காட்டோடு ஒட்டியது. தண்ணீர் தாழ்வைத் தாண்டி ஏறிய அன்று அது தீவு. மறுபடி இறங்கினால் மறுபடி காடு. பென்னிகுவிக் கட்டிய இந்த முல்லைப்பெரியாறு அணையின் முழு அளவு 152 அடி. 2014ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 142 அடிவரை தேக்குகிறார்கள். 104 அடிக்குக் கீழே போனால் சுரங்கத்துக்குள் தண்ணீர் ஏறாது. அதாவது ஏரியின் மேற்பரப்பு வருடத்துக்கு வருடம் இந்த 38 அடிக்குள் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. மே மாதத்தில் 110, 120 அடி என்று நிற்கும் ஆண்டுகள் உண்டு. ஆகவே தேக்கடியில் எத்தனை தீவு என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. எந்தத் தேதியில் என்று சேர்த்துக் கேட்க வேண்டும். கோடை விடுமுறைக்குப் போகிறவர்கள் பார்ப்பது தீவுகள் மிகக் குறைவாக இருக்கும் ஏரியைத்தான்.

அதற்காகக் கோடையில் போவது வீண் என்று சொல்லமாட்டேன். ஏரியை அறிந்துகொள்ள அதுவே நல்ல சமயம் என்றுகூடத் தோன்றுகிறது. தண்ணீர் இறங்கிய கரையைப் பாருங்கள். காடு முடியும் இடத்துக்கும் தண்ணீர் தொடங்கும் இடத்துக்கும் நடுவே சிவப்பாக, மரமே இல்லாமல் ஒரு பட்டை ஓடும். மழைக்காலத்தில் அது முழுவதும் நீருக்குள் கிடந்த நிலம். மாதக்கணக்கில் வேர் நீரில் ஊறினால் காட்டு மரம் பிழைக்காது. மரம் இல்லாததால் வெயில் நேராக விழுகிறது. தண்ணீர் விட்டுப்போன வண்டல் ஈரத்தோடு இருக்கிறது. காடெல்லாம் காய்ந்து கிடக்கும் ஏப்ரல், மே மாதங்களில் அங்கே மட்டும் இளம்புல் துளிர்க்கும். காட்டெருமையும் கடமானும் காட்டுப்பன்றியும் யானையும் வெட்டவெளிக்கு இறங்கி வருவது அந்தப் புல்லுக்காகத்தான். நம் பக்கம் ஏரி வற்ற வற்ற, ஆடு மாடு ஓட்டுகிறவர்கள் ஏரி உள்வாய்க்குள் இறங்கி மேய்ப்பதும் இதே கணக்கில்தான். மழைக்காலத்தில் ஏரி நிறைந்து காட்டின் காலைத் தொட்டுவிட்டால் இந்தப் புல்வெளி மறைந்துவிடும். விலங்குகளும் உள்ளே போய்விடும். தீவுகள் நிறைய இருக்கும் மாதத்தில் விலங்குகள் குறைவாகத் தெரியும். விலங்குகள் நிறையத் தெரியும் மாதத்தில் தீவுகள் குறைவாக இருக்கும்.

படகில் இன்னொன்றும் கண்ணில் படும். நீருக்கு நடுவே இலையில்லாமல், கிளையில்லாமல் கறுத்து நிற்கும் மரத்தண்டுகள். அணை நிறைந்தபோது மூழ்கிச் செத்த மரங்கள் அவை. செத்து 125 ஆண்டுக்கு மேல் ஆகியும் விழவில்லை. மரத்தை உளுக்க வைப்பது பெரும்பாலும் பூஞ்சை. பூஞ்சைக்குக் காற்று வேண்டும், ஈரமும் வேண்டும். நீருக்குள் முங்கிய பாகத்தில் ஈரம் இருக்கிறது, காற்று போதாது. உச்சியில் காற்று இருக்கிறது, வெயிலில் காய்வதால் ஈரம் நிற்பதில்லை. இரண்டும் சேரும் இடம் நீர்மட்டம் உரசிக்கொண்டு போகும் நடுப்பகுதி. அதனால்தான் பல தண்டுகள் இடுப்பில் இளைத்திருக்கும். வைரம் பாய்ந்த மரம் என்பதால் அதுவும் மெதுவாகத்தான் நடக்கிறது.

ஒரு தண்டின் உச்சியில் பாம்புத்தாரா உட்கார்ந்திருந்தால், படகு தாண்டிப்போகும்வரை அதையே பாருங்கள். கழுத்து ஒல்லியாக, நடுவில் ஒரு மடிப்போடு நெளியும். இறக்கை இரண்டையும் முழுக்க விரித்து, முதுகு வெயிலுக்குத் தெரியும்படி அசையாமல் நிற்கும். வாத்தின் இறகில் தண்ணீர் ஒட்டாது. பாம்புத்தாராவின் இறகு நன்றாக நனையும். நனைந்தால் உடல் கனக்கும். கனத்தால் நீருக்குள் மீனைத் துரத்துவது எளிது. அதற்கு விலையாக ஒவ்வொரு முறை முங்கி எழுந்த பிறகும் உலர்த்தியாக வேண்டும். கரையில் நின்று உலர்த்தினால் எதிரிகளுக்கு வசதி. நாலு பக்கமும் நீர் சூழ்ந்த செத்த மரம் அதற்கு ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு ஒரு தீவு. வேடந்தாங்கல் ஏரிக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் நாரைகள் கூடு கட்டுவதற்கும் காரணம் இந்தப் பாதுகாப்புத்தான். அடியில் தண்ணீர் நிற்கும்வரைதான் கூட்டுக்குக் காவல். ஏரி வற்றிவிட்டால் மரம் அதே மரம்தான், காவல் போய்விடும்.

இப்போது யானை. பிள்ளை கேட்டதற்கு நேர்ப் பதில்: நீந்திப் போனது. யானை நன்றாக நீந்தும், நீண்ட தூரமும் நீந்தும். இலங்கையில் அம்பாறைப் பக்கம், தமிழர் பட்டிப்பளை ஆறு என்று சொல்லும் கல் ஓயாவை மறித்துக் கட்டிய சேனநாயக்க சமுத்திரம் என்ற பெரிய நீர்த்தேக்கம் இருக்கிறது. அதைச் சுற்றி 1954இல் கல் ஓயா தேசியப் பூங்கா அமைந்தது. அங்கே யானைகள் ஒரு தீவின் புல்லை முடித்துவிட்டு அடுத்த தீவுக்கு நீந்திப் போவதைப் படகிலிருந்து பார்க்கலாம். அதற்காகவே மக்கள் போகிறார்கள். 2017 ஜூலையில் கொக்கிளாய்க் கடலோரத்தில் ஒரு யானை அலையில் அடித்துக்கொண்டு போய்ப் பல கிலோமீட்டர் தள்ளி நடுக்கடலில் தும்பிக்கையை உயர்த்தியபடி நீந்திக்கொண்டிருந்தது. கடற்படை கயிறு கட்டி இழுத்துவந்து கரை சேர்த்தது.

அந்தத் தும்பிக்கையில் ஒரு பெரிய உடலியல் விஷயம் இருக்கிறது. உடல் முழுக்க நீருக்குள், தும்பிக்கையின் நுனி மட்டும் மேலே. குழாய் வைத்து மூச்சு விடுவதுபோல என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். ஆனால் மனிதரால் இதைச் செய்ய முடியாது. இரண்டு மீட்டர் ஆழத்தில் ஒரு மனிதரை வைத்து, வாயில் இரண்டு மீட்டர்க் குழாயைக் கொடுத்தால் அவரால் மூச்சை உள்ளே இழுக்கவே இயலாது. அந்த ஆழத்தில் உடலின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் சுமார் 200 கிராம் கூடுதலாக அழுத்துகிறது. நுரையீரலுக்குள் இருப்பதோ மேலிருந்து வரும் சாதாரணக் காற்று. வெளியே அழுத்தம், உள்ளே அது இல்லை. நமக்கு நுரையீரலையும் விலாச் சுவரையும் போர்த்தியிருக்கும் இரண்டு மெல்லிய சவ்வுகளுக்கு நடுவில் ஓர் இடுக்கு உண்டு. அந்தச் சவ்விலுள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் இந்த வித்தியாசத்தைத் தாங்காது, வெடித்துவிடும். யானைக்கு அந்த இடுக்கே கிடையாது. நுரையீரல் விலாச் சுவரோடு தடித்த இணைப்புத் திசுவால் ஒட்டியிருக்கிறது. உடற்கூறு அறிந்தவர்கள் நெடுநாளாக இதைக் கண்டிருந்தும் காரணம் புரியாமல் விட்டிருந்தார்கள். ஜான் வெஸ்ட் என்ற உடலியல் அறிஞர் 2001இல் இரண்டையும் முடிச்சுப் போட்டார்: நீருக்குள் இருந்து தும்பிக்கையால் மூச்சு விடும் உயிருக்கு இப்படித்தான் நெஞ்சு அமைய வேண்டும். எனக்கு இந்த விளக்கத்தைப் படித்த பிறகு யானை நீந்தும் காட்சி வேறு மாதிரிதான் தெரிகிறது.

யானைக்கு, ஆகவே, தேக்கடியின் தீவு தீவில்லை. மேய்ச்சல் நிலத்தின் இன்னொரு பகுதி. கடமானும் நீந்தும், செந்நாய் துரத்தினால் தண்ணீரில் இறங்கித்தான் அது தப்பப் பார்க்கும். ஆனால் காட்டின் அடித்தட்டில், புதருக்குள் தாவித் திரியும் சிறு பறவைக்கு? பறவைதானே, பறந்துவிடும் என்று நினைக்கிறோம்.

பனாமாவில் கால்வாய் வெட்டுவதற்காகச் சாக்ரஸ் ஆற்றை மறித்தபோது காட்டூன் ஏரி உண்டாயிற்று. 1913 வாக்கில் அதன் நடுவில் சுமார் 15 சதுர கிலோமீட்டர்க் காட்டுமலை ஒன்று தீவாக நின்றுபோனது. பாரோ கொலராடோ என்று பெயர். 1923இலிருந்து அதை ஆய்வுக்கென்று காப்பாற்றி வருகிறார்கள். காட்டை யாரும் வெட்டவில்லை, வேட்டைக்கும் தடை. அப்படியும் ஒவ்வொன்றாகப் பல பறவையினங்கள் அங்கிருந்து மறைந்தன. அக்கரையில், கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் அதே பறவைகள் இருந்தன. ஏன் திரும்ப வரவில்லை? 2008இல் வெளியான ஓர் ஆய்வில் இதை நேரடியாகவே சோதித்துப் பார்த்தார்கள். காட்டுப் பறவைகளைப் பிடித்து, படகில் கொண்டுபோய், கரையிலிருந்து 100, 200, 300 மீட்டர் தூரத்தில் பறக்கவிட்டார்கள். சில இனங்கள் சாதாரணமாகப் பறந்து கரை சேர்ந்தன. சில இனங்களுக்கு 100 மீட்டரே முடியவில்லை; நீரில் விழுந்துவிட்டன. சிறகு இருந்தும், வாழ்நாளெல்லாம் நிழலுக்குள் ஒரு கிளையிலிருந்து மறு கிளைக்கு மட்டுமே தாவிய உடல் அது. வெட்டவெளியில் நூறு மீட்டர் தண்ணீர் அதற்குப் பெருங்கடல்.

போக முடியாத இடத்தில் உயிர்கள் அற்றுப்போனால் அதோடு முடிவதில்லை. வெனிசுவேலாவில் கூரி நீர்த்தேக்கம் 1986இல் நிறைந்தபோது நூற்றுக்கணக்கான குன்றுகள் தீவாயின. சின்னத் தீவுகளில் புலியினத்து வேட்டை விலங்குகள் தங்க இடம் போதவில்லை, போய்விட்டன. ஜான் டெர்பரோவும் அவருடைய கூட்டாளிகளும் 2001இல் எழுதியது இது: அங்கே இலைவெட்டி எறும்பு, ஊளைக் குரங்கு, இகுவானா போன்ற தழை தின்னிகள் பெருநிலக் காட்டில் இருப்பதைவிடப் பத்து மடங்கு முதல் நூறு மடங்குவரை பெருகின. பெரிய மரங்கள் அப்படியே நின்றன. அடியில் இளங்கன்று தலையெடுக்கவில்லை. தூரத்தில் படகிலிருந்து பார்க்கிறவருக்குப் பச்சைப் பசேலென்ற தீவு. உள்ளே அடுத்த தலைமுறைக் காடு வளரவில்லை. தாய்லாந்தின் சியூ லான் நீர்த்தேக்கம் இன்றைக்குப் பெரிய சுற்றுலாத் தலம். 1986-87இல் உருவான அந்த ஏரியின் தீவுகளில் 25 ஆண்டுகளுக்குள் அந்தக் காட்டுக்கே உரிய சிறு பாலூட்டிகள் ஏறத்தாழ முழுவதும் அற்றுப்போய், வெளியிலிருந்து வந்த ஒரு வயல் எலியே எங்கும் நிறைந்துவிட்டது என்று 2013இல் ஒரு குழு கண்டறிந்தது.

தேக்கடியின் பெரிய திட்டுகளுக்கு இந்த வேகத்தில் அழிவு வராது என்பது என் எண்ணம். காரணம் அந்த 38 அடி. தண்ணீர் எப்போதும் ஒரே மட்டத்தில் நின்றால் தீவு நிரந்தரமாகத் துண்டாகிவிடும். இங்கே ஒவ்வொரு கோடையிலும் தாழ்வுகள் தலைகாட்டி, பல தீவுகள் காட்டோடு மறுபடி ஒட்டிக்கொள்கின்றன. எலியும் தவளையும் புதர்ப் பறவையும் நடந்தோ தாவியோ போய்வர ஆண்டுக்குச் சில வாரம் கதவு திறக்கிறது. மதுரை, தேனிப் பக்கத்து வயலுக்காகத் திறந்துவிடும் தண்ணீர், போகிற போக்கில் இந்தக் கதவையும் திறந்துவிட்டுப் போகிறது.

அமிர்திக்குப் போகிறவர்களும் இதை யோசித்துப் பார்க்கலாம். வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில், நாகநதி மலையைவிட்டு இறங்கும் இடத்தில், 1967இல் தொடங்கிய சின்ன உயிரியல் பூங்காவும் காடும். பிள்ளைகள் கூண்டு மானைப் பார்த்துவிட்டு ஆற்றுப் பாறையில் ஏறி விளையாடும். மே மாதத்தில் ஆற்றில் கால் நனைந்தாலே பெரிது. சுற்றிலும் தண்ணீர் இல்லைதான். ஆனால் அமிர்தி ஒரு கரை. மேலே எழும்பும் ஜவ்வாது மலை ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளத்துக்குக் காடும் மலைக்கிராமமுமாகக் கிடக்கிறது. அதைச் சுற்றிச் சமவெளி: ஆரணி, போளூர்ப் பக்கம் நெல்வயல், வடக்கே பாலாற்றுப் பள்ளத்தாக்கில் ஆம்பூர், வாணியம்பாடி, ரயில் பாதை, ராத்திரி பகல் ஓயாத சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலை. மலையுச்சிகளைத் தீவுகளாக வைத்துக் கணக்குப் போடும் வழக்கம் அறிவியலில் பழையது. 1971இல் ஜேம்ஸ் பிரவுன் அமெரிக்காவின் வறண்ட மேற்கில், பாலைவனம் சூழ்ந்த மலைமுடிகளின் சிறு விலங்குகளை அப்படித்தான் ஆராய்ந்தார்.

இங்கும் யானைக்குத் தீவில்லை. 1980களில் ஓசூர்ப் பக்கத்துக் காடுகளிலிருந்து கிளம்பிய யானைகள், நெடுங்காலம் யானையே இல்லாதிருந்த சித்தூர் மாவட்டத்துக் காட்டுக்கு வந்து சேர்ந்தன. கௌண்டின்யா சரணாலயம் 1990இல் அமைந்தது அதனால்தான். பேரணாம்பட்டு, குடியாத்தம் விவசாயிகளுக்கு அந்தக் கதை வாழையும் கரும்பும் மிதிபட்ட கதையாகத் தெரியும். ஒரு கூட்டம் சமவெளியைத் தாண்டி ஜவ்வாது மலைப் பக்கமும் வந்து பல காலம் சுற்றியது. 2013இல் ஆறு யானைகளை வனத்துறை மயக்க ஊசி போட்டுப் பிடித்து முகாம்களுக்குக் கொண்டுபோனது. யானையால் கடக்க முடிந்தது. எதிர்ப்பட்ட மனிதர்களால்தான் தாங்க முடியவில்லை.

மலையின் தவளையும் ஓணானும் நிழல்தேடிப் பறவையும் கிளம்பினால் நெடுஞ்சாலைவரைகூட வராது. தவளைக்கு ஈரமான தோல் வழியாகவும் மூச்சு. காய்ந்த உழவு நிலமும் தார்ச் சாலையும் அதற்குத் தடுப்புச் சுவர். தோல் கழிவு கலந்த பாலாற்றுப் படுகை, 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் அளவுக்குப் போன விவகாரம், மனிதருக்குக் குடிநீர்ப் பிரச்சினை என்றால் இந்தச் சிற்றுயிர்களுக்கு வழிப் பிரச்சினையும்கூட. இடையில் மிஞ்சியிருப்பவை ஓடைக்கரைப் புதர்கள், கிராமத்து ஏரிகள், கரையில் நிற்கும் பனையும் புங்கனும், கோயில் தோப்புகள். தேக்கடியில் கோடைதோறும் தலைகாட்டும் தாழ்வு நிலம் செய்யும் வேலையை இங்கே செய்ய வேண்டியவை அவைதான். சாலை அகலப்படுத்தும்போது ஓடைப் புதரை வெறும் குப்பைக்காடு என்று வழித்துவிடுவது எனக்குப் பெரிய வேதனை.

தேக்கடி போகிறவர்களுக்கு ஒரு யோசனை. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்கு ஜூன் முதல் தேதி வாக்கில் முதல் போகத் தண்ணீர் திறப்பது வழக்கம். தென்மேற்குப் பருவமழையும் அப்போதுதான் இறங்கும். ஏரி ஏறத் தொடங்கும் அந்த நாட்களில் பள்ளிக்கூடமும் திறந்துவிடும். அதனால் கோடை விடுமுறையை மட்டும் நம்பியிருக்கும் நம் பிள்ளைகள், ஒரு குன்று தீவாக மாறுவதைப் பார்த்ததே இல்லை. முடிந்த குடும்பங்கள் மே மாதம் ஒரு முறையும் காலாண்டு விடுமுறையில் ஒரு முறையும் போகலாம். செத்த மரம் ஒன்றை அடையாளம் வைத்துக்கொண்டு, படகின் அதே பக்கத்திலிருந்து இரண்டு போட்டோ எடுத்தால் போதும். மரத்தில் தண்ணீர் எத்தனை அடி ஏறியிருக்கிறது, பின்னாலிருந்த எந்தக் குன்று கரையிலிருந்து பிரிந்துவிட்டது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். படகில் கூச்சல் போடாமல் உட்கார்ந்தால் பாம்புத்தாராவும் கிடைக்கும். லைஃப் ஜாக்கெட்டின் வார்ப்பட்டையை இறுக்கிப் போடச் சொல்லுங்கள். யானையின் நெஞ்சு நமக்கு இல்லை.